நான்கு வண்டி, ஓர் உடம்பு

கேள்வி: எனக்கு வயது 53, உயரம் 165 செ.மீ. இருபது ஆண்டுகளாகச் சேர்த்ததில் இப்போது நான்கு பழைய மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன: 1959 பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார், 1965 பி.எம்.டபிள்யூ. ஆர்60/2, 1970 ஹோண்டா சி.பி.750, 1971 டிரையம்ப் போனவில். கோல்டு ஸ்டாரில் அரை மணி நேரம் போனால் மணிக்கட்டும் பிடரியும் கடுக்கின்றன. டிரையம்பில் நிற்கும்போது கால் விரல்தான் தரையைத் தொடுகிறது. ஓட்டும்போது கை மரத்துப்போகிறது. பி.எம்.டபிள்யூ.வில் முதுகின் அடி எலும்பு வலிக்கிறது. ஹோண்டாவில் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. நான்குக்கும் ஒரே மாதிரி உயரமான ஹேண்டில்பாரும் ஜெல் வைத்த தடித்த சீட்டும் போட்டுவிடலாமா? அசல் தோற்றம் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உடுப்பிலும் குழப்பம்: ஒரே ஜாக்கெட், ஒரே ஹெல்மெட் நான்குக்கும் போதுமா?

பதில்: கையில் ஸ்பானரை எடுத்திருந்தால் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். நீங்கள் சொல்வதும் உங்கள் நண்பர்கள் சொல்வதும் எதிரெதிராகத் தெரிந்தாலும், இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: உடம்புக்கு ஒத்துவர வேண்டுமென்றால் தோற்றத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது. பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டியே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வண்டிகளைச் செய்தவர்களுக்கு அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லை.

இங்கிலாந்தில் ஜார்ஜ் புரோ 1919 முதல் 1940 வரை புரோ சுப்பீரியர் வண்டிகளைச் செய்தார். மொத்தமே மூவாயிரம் சொச்சம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பூட்டினார்கள்: முதலில் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்க, பிறகு பிரித்து வண்ணமும் முலாமும் பூசி மறுபடியும். ஹேண்டில்பாரைக்கூட வாங்குபவருக்கு ஏற்றபடி தனித்தனியாக வளைத்தார்கள். அவரிடம் அடுத்தடுத்து ஏழு வண்டிகள் வாங்கிய, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர்பெற்ற டி.இ. லாரன்ஸின் உயரம் ஏறக்குறைய உங்கள் உயரம்தான். வின்சென்ட் என்ற இன்னொரு பழைய ஆங்கில வண்டியில் கால்தாங்கியையும் கியர், பிரேக் பெடல்களையும் ஓட்டுபவரின் காலுக்கு ஏற்ப நகர்த்தி வைக்க முடியும். யாராவது அப்படி நகர்த்தினால் அசல் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் பி.எஸ்.ஏ.விலும் டிரையம்பிலும் கியர் பெடல் பல்வரிசை உள்ள தண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஹேண்டில்பார் கவ்வியில் சுழல்கிறது, லீவர்கள் தளர்த்தினால் திரும்புகின்றன. அளவெடுத்துப் பொருத்திக்கொள்ளத்தான் அத்தனை ஏற்பாடும். ஐம்பது வருடமாக யாரும் தொடாமல் துருப்பிடித்துக் கிடப்பதால் அவை நிலையானவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் யோசனையில் பாதி சரி. நான்கிலும் ஒன்றுபோல இருக்க வேண்டியவை சில உண்டு. ஆனால் அவை ஹேண்டில்பாரின் உயரமோ சீட்டின் தடிமனோ அல்ல. விரலும் பாதமும் சந்திக்கும் இடங்கள்தான் ஒன்றுபோல இருக்க வேண்டும்: கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வு, பிடி ரப்பரின் பருமன், பெடல் பாதத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. லீவரின் மேல் விரல் வைத்தால் முழங்கையிலிருந்து விரல் முட்டிவரை ஒரே நேர்கோடாகப் போக வேண்டும், மணிக்கட்டு மடங்கக்கூடாது. உட்காரும் விதம் வண்டிக்கு வண்டி மாறட்டும். கோல்டு ஸ்டாரில் ஹோண்டாவைப்போல உட்கார ஆசைப்பட்டால் ஹோண்டாவையே எடுத்துக்கொண்டு போகலாமே.

எதையும் மாற்றுவதற்கு முன் இன்னொன்று. நான்கு வண்டி வைத்திருப்பவரின் வண்டி எப்போதும் ஓய்வில் இருக்கும் வண்டி. ஒன்றை ஓட்டும்போது மூன்று நிற்கின்றன. நிற்கும் வண்டியில் கேபிள் காய்கிறது, டயரில் காற்று இறங்குகிறது, கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. மாதம் ஒருமுறை வெளியே எடுக்கிறவர் அந்த இறுக்கத்தை எல்லாம் தம் மணிக்கட்டிலும் தோளிலும் வாங்கிக்கொண்டு, ‘இந்த வண்டி எனக்கு ஒத்துவரவில்லை’ என்கிறார். என் பட்டறைக்கு வலி என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு நான் முதலில் செய்வது மூன்றே வேலைகள்: கேபிளுக்கு எண்ணெய், டயருக்குச் சரியான காற்று, முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பார் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கும் இடறாமல் திரும்புகிறதா என்று பார்ப்பது. சிலர் அதோடு சரியாகித் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கிளட்ச் அப்போதும் கனமாக இருந்தால் பழைய ஆங்கில வண்டிகளுக்கு ஒரு வழி உண்டு. லீவரின் சுழலாணிக்கும் கேபிள் முனை உட்காரும் துளைக்கும் உள்ள இடைவெளி 1 1/16 அங்குலமாகவும் வரும், 7/8 அங்குலமாகவும் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சிறியதை மாட்டினால் இழுக்கும் பலம் கணிசமாகக் குறையும். பதிலுக்குக் கேபிள் நகரும் தூரமும் குறையும் என்பதால் கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கோல்டு ஸ்டார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1937இல் பந்தய வீரர் வால் ஹேண்ட்லி பி.எஸ்.ஏ. வண்டியில் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுபாதையில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஒரு சுற்று ஓட்டி அங்கே வழங்கப்பட்ட தங்க நட்சத்திரச் சின்னத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு வண்டிக்கே அந்தப் பெயர் வந்தது. முன் ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகக் கவ்வும் தாழ்ந்த கிளிப்-ஆன் பிடியும் பின்னால் தள்ளிய கால்தாங்கியும் வேகத்துக்கென்றே அமைந்தவை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று உங்கள் மார்பைத் தாங்குகிறது; கையில் பாரமே இருக்காது. நாற்பதில் காற்று தாங்காது. மேல் உடம்பின் கனம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். போக்குவரத்து நெரிசலில் அரை மணி நேரம் வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மூன்று காரியம் செய்யலாம். முதலாவதற்குச் செலவே இல்லை: தொடைகளால் டாங்கைக் கவ்விப் பிடியுங்கள். இடுப்பும் வயிறும் உடம்பைத் தாங்கினால் கைக்கு வேலை குறையும். ஓடும்போது முழங்கையைக் கோழி இறக்கை அசைப்பதுபோல லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லையென்றால் கையில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவது, கிளிப்-ஆனில் கழுத்து வளைந்து சில சென்டிமீட்டர் உயரும் வகை உண்டு. பக்கத்திலிருந்து பார்த்தால் கோடு மாறாது, மணிக்கட்டுக்கு மாற்றம் தெரியும். மூன்றாவது, சாதாரணத் தட்டை ஹேண்டில்பார். நண்பர்கள் முகம் சுளித்தால் சொல்லுங்கள்: கோல்டு ஸ்டார் வரிசையில் டூரிங், டிரையல்ஸ், ஸ்கிராம்பிள்ஸ் என்று பல வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் கிளிப்-ஆன் இல்லை. ஆனால் அதற்குரிய கவ்வியும் வேண்டும், கால்தாங்கியும் முன்னால் வர வேண்டும். கை மேலே வந்து கால் மட்டும் பின்னாலேயே கிடந்தால் மண்டியிட்டு நிமிர்ந்த மாதிரி உட்காருவீர்கள். அது இருப்பதிலேயே மோசமான நிலை.

என்னைக் கேட்டால் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்வேன். அந்த வண்டியை நெரிசல் இல்லாத நேரத்தில், அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நின்று, ஓட்டுவேன்.

பிடரி வலிக்குக் காரணம் ஹேண்டில்பாரோடு முடிவதில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் ஹெல்மெட்டின் நெற்றி விளிம்பு பார்வையின் குறுக்கே வரும். சாலையைப் பார்க்கத் தலையைக் கூடுதலாக நிமிர்த்துவீர்கள். நெற்றித் திறப்பு உயரமாக உள்ள ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அதே வண்டியில் உட்கார்ந்து பாருங்கள்.

டிரையம்புக்கு வருவோம். 1971இல் அந்த நிறுவனம் எண்ணெயைச் சட்டக்குழாய்க்குள்ளேயே வைக்கும் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. சீட் உயரம் 80 செ.மீ.யைத் தாண்டியது. அன்றைக்கே ஆட்கள் முணுமுணுத்தார்கள், பிறகு உயரத்தைக் குறைத்தார்கள். ஆகவே எட்டவில்லை என்பது உங்கள் காலின் குற்றமல்ல.

உடனே எல்லோரும் சொல்வது, பின் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக மாற்று என்பது. வேண்டாம். பின்பக்கம் இறங்கினால் முன் ஃபோர்க் மேலும் படுத்துவிடும், திருப்பங்களில் வண்டி சோம்பலாகும். சைடு ஸ்டாண்டு அதே நீளத்தில் இருப்பதால் வண்டி போதிய அளவு சாயாமல் நிமிர்ந்து நிற்கும். ஒருவர் லேசாக இடித்தால் மறுபக்கம் விழும். சீட்டைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் உயரத்தைவிட அகலத்தை. டாங்கை ஒட்டிய முன்பகுதியில் சீட்டின் இரு ஓரங்களையும் விரல் அகலத்துக்குச் சரித்துவிட்டால் தொடை விரியாமல் கால் நேராக இறங்கும். மேலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெட்டுவதைவிட இதனால் கூடுதலாக எட்டும். ஒரே நிபந்தனை: உங்களிடம் இருக்கும் அசல் சீட்டைத் தொடாதீர்கள். அந்த வண்டிக்குப் பொருந்தும் வேறொரு சீட் தகடு வாங்கி, அதில் அடர்த்தியான ஃபோம் வைத்து, அசலின் தையல் வரியையும் ஓரப் பட்டையையும் அப்படியே பின்பற்றி மூடச் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட ஜெல் சீட்டை நான் ஏற்காததற்கும் இதுதான் காரணம். அது உயரத்தைக் கூட்டும். டாங்கின் அடிக்கோடும் சீட்டின் மேல்கோடும் சேர்ந்து ஓடுகிற அந்த வரியை நடுவில் உடைத்துவிடும். பழைய வண்டியில் கண் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்.

எட்டாத காலுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. நான்கு வண்டிக்காரர்கள் பலர் கவனிக்காதது. டிரையம்பிலும் பி.எஸ்.ஏ.விலும் கியர் வலக்காலில், பின் பிரேக் இடக்காலில். ஹோண்டாவிலும் பி.எம்.டபிள்யூ.விலும் நேர்மாறு. 1970களின் நடுவில் அமெரிக்க விதி கியர் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகே ஆங்கிலேயர்களும் மாறினார்கள். ஹோண்டாவில் நிற்கும்போது வலக்கால் பிரேக்கை மிதித்திருக்க, இடக்காலை ஊன்றுகிறீர்கள். அதே பழக்கத்தில் டிரையம்பிலும் இடக்காலை இறக்கினால் பிரேக்கை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். சரிவில் வண்டி நகரும், விரல் நுனியில் நிற்கிற நீங்கள் அதோடு தள்ளாடுவீர்கள். டிரையம்பில் இடக்கால் பிரேக்கில் இருக்கட்டும். உடம்பை ஒரு விரல்கடை வலப்பக்கம் நகர்த்தி வலப்பாதத்தை முழுதாக ஊன்றுங்கள். இரண்டு கால் விரல்களைவிட ஒரு முழுப் பாதம் உறுதி. வண்டி மாற்றும் ஒவ்வொரு முறையும், என்ஜினைக் கிளப்பும் முன், பிரேக் பெடலை நான்கைந்து முறை மிதித்துக் காலுக்கு நினைவூட்டுங்கள். இதை எழுதுகிற நானே ஒருமுறை பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து ஒரு வேலியில் போய் நின்றிருக்கிறேன்.

கை மரத்துப்போவதற்கு: அந்த இரட்டை சிலிண்டர் என்ஜினில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் நொடிக்கு 67 அதிர்வு உங்கள் உள்ளங்கையைத் தட்டுகிறது. என்ஜினைப் பிடிக்கும் போல்ட்டுகளையும், சிலிண்டர் தலையிலிருந்து சட்டத்துக்குப் போகும் இணைப்புத் தகட்டையும் முதலில் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் அதிர்வு இரட்டிப்பாகத் தோன்றும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளி ஓரம் அழுந்துகிறது. பிடியின் கோணத்தை மாற்றுங்கள். பெருவிரல் பக்கம் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. லீவரின் சாய்வை மாற்றுங்கள். தடித்த பஞ்சுப் பிடி போட ஆசை வரும். உங்கள் கை சிறியதென்றால் அது கேடு: பருமன் கூடக்கூட இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்க இறுக்க மரக்கும். வண்டியை விட்டு இறங்கி நெடுநேரமாகியும், அல்லது இரவில் தூங்கும்போதும் மரத்தால் அது என் வேலையில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பி.எம்.டபிள்யூ.வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்காருவதால் குழியில் விழும் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. பின் ஷாக் அப்சார்பரின் அடியில் கையால் திருப்பும் நெம்பு ஒன்று இருக்கும். ஒருவருக்கு ஒரு நிலை, இருவருக்கு ஒரு நிலை. யாரையோ பின்னால் ஏற்றிக்கொண்டு போனபோது கெட்டி நிலையில் வைத்து, பிறகு அப்படியே மறந்துவிடுவது சகஜம். அதைப் பாருங்கள். ரப்பர் இருக்கை என்றால் விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாகக் காய்ந்திருந்தால் புதிய ரப்பர்தான் மருந்து. ஹேண்டில்பார் எட்டத்தில் இருந்தாலும் இடுப்பு பின்னால் சரிந்து வால் எலும்பில் உட்காரவைக்கும். கவ்வியைத் தளர்த்தி அதை உங்கள் பக்கம் சில டிகிரி திருப்புங்கள்.

ஹோண்டாவை விட்டுவிடுங்கள். வலிக்காத இடத்தில் கை வைப்பானேன்?

ஹேண்டில்பார் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று கண்டுபிடிக்க எளிய முறை உண்டு. வண்டியை நேராக நிறுத்தி, உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தோளைத் தொங்கவிட்டு, கை எங்கே போக விரும்புகிறதோ அங்கே நீட்டுங்கள். ஒருவர் பக்கவாட்டிலிருந்து புகைப்படம் எடுக்கட்டும். கைக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் தேடும் அளவு. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு இருபது நிமிடம் ஓட்டம், பிறகுதான் அடுத்தது. அசல் நிலையை ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். முடித்ததும் என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். இரைச்சல் கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. தொழில் பழகிய காலத்தில் ஒரு வண்டிக்கு உயரமான ஹேண்டில்பார் போட்டுவிட்டுக் கேபிளை மாற்றாமல் விட்டேன். முழுவட்டம் திரும்பும்போது கிளட்ச் தானாக இழுத்துக்கொண்டது. வண்டியும் நானும் மெதுவாக, எல்லோரும் பார்க்க, சாய்ந்தோம்.

உடுப்பு. ஹெல்மெட் ஒன்று போதும், ஆனால் அது புதியதாக இருக்கட்டும். வண்டியின் வயதுக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று பழைய ஹெல்மெட்டைத் தேடி வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்; உள்ளே இருக்கும் மெத்தை காலப்போக்கில் கெட்டுப்போயிருக்கும், அது அலமாரிக்குத்தான் உகந்தது. முன்னே சொன்ன லாரன்ஸ் 1935இல் தம் புரோ சுப்பீரியரில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் பிறகு ஹெல்மெட்டைப் பற்றி ஆராய்ந்து எழுதியதும் சேர்ந்துதான் இன்று நம் தலை காக்கப்படுகிறது. இ.சி.இ. 22.06 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தர முத்திரை உள்ள, வழவழப்பான ஒற்றை நிற முழுமுக ஹெல்மெட் வாங்குங்கள். முழுமுகம் புதுமோஸ்தர் என்று நண்பர்கள் சொல்வார்கள். 1960களின் பிற்பகுதியிலேயே அது வந்துவிட்டது. கோல்டு ஸ்டாருக்காக நெற்றித் திறப்பை மறந்துவிடாதீர்கள்.

ஜாக்கெட் இரண்டு வேண்டும். நிமிர்ந்து உட்காரும் வண்டிக்கு ஒன்று, சாய்ந்து உட்காரும் வண்டிக்கு ஒன்று. கண்ணாடி முன் நின்று பார்த்து வாங்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். சாய்ந்து கையை நீட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரியக்கூடாது, இடுப்பின் பின்புறம் காற்றுக்குத் திறக்கக்கூடாது. நிற்கும்போது கை சற்று நீளமாக, முதுகு சற்றுத் தொங்கலாகத் தெரிவதுதான் சரியான ஜாக்கெட். பழைய வடிவங்கள் வெறும் அழகுக்கு வந்தவையும் அல்ல. 1928இல் வந்த ஷாட் பெர்ஃபெக்டோ தோல் ஜாக்கெட்டின் ஜிப் ஒருபக்கமாகச் சாய்ந்து போவதால், முன்னே குனியும்போது வயிற்றின் நடுவில் குத்தாது. 1936இல் வந்த பார்பர் இன்டர்நேஷனல் மெழுகுத்துணிக் கோட்டின் இடது மார்புப் பை சாய்வாக இருப்பது, உட்கார்ந்தபடியே வரைபடத்தை எடுக்க. உங்கள் பி.எம்.டபிள்யூ.வுக்கும் ஹோண்டாவுக்கும் மெழுகுத்துணி பொருந்தும், மற்ற இரண்டுக்கும் தோல். இரண்டிலும் தோளுக்கும் முழங்கைக்கும் காப்புத் தகடு வைக்க உள்ளே பை இருக்கிறதா என்று பாருங்கள்.

காலணி ஒரு ஜோடி போதும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள் பூட்ஸ்களில் கியர் தேய்க்கும் இடத்தில் வைக்கும் கூடுதல் தோல் இடக்காலில் மட்டும் இருக்கும். உங்களுக்கு இரு காலிலும் வேண்டும். அடிப்பாகம் கொஞ்சம் தடித்திருந்தால் டிரையம்பில் எட்டும், கோல்டு ஸ்டாரின் கிக்கரை உதைக்கும்போது உள்ளங்காலும் தப்பும். விரல் பகுதி மட்டும் மெலிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கியர் பெடலுக்கு அடியில் நுழையாது. கயிற்று முடிச்சை உள்ளே செருகிவிடுங்கள்.

தோல் ஜாக்கெட் வாங்கியதும் இடுப்புப் பட்டையின் பக்கிளை மட்டும் கழற்றி எடுத்துவிடுங்கள். கோல்டு ஸ்டாரில் குனிந்து ஓட்டும்போது அது டாங்கின் பின் மேல்பகுதியில், மூடிக்குக் கீழே, சரியாக ஒரே இடத்தில் உரசும். பட்டறைக்கு வரும் டாங்குகளில் அந்தப் பிறைவடிவக் கீறலைப் பார்த்தவுடனேயே, உரிமையாளரிடம் எந்த மாதிரி ஜாக்கெட் இருக்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும்.